மலகாவில் வாங்கிய சிவப்புச் சட்டை

ஒலிவ் எண்ணெயில் பச்சை முட்டையை அடித்துக் குடித்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் குடித்திருக்கிறேன். ஒரு நாள் மட்டுமல்ல, ஒரு விடுமுறையில் மிச்சமிருந்த ஒவ்வொரு காலையும் குடித்தேன். என் வேலையிடத்தில் யாராவது ஸ்பெயினுக்குப் போய் வந்து கடல், வெயில், உடுப்புக் கடை, சாப்பாடு என்று வாய் ஓயாமல் சொல்லும்போது நான் சிரித்துத் தலையாட்டிக்கொண்டிருப்பேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும். நானும்தான் போனேன். என்னையும் கடைக்குக் கூட்டிப்போனார்கள். என்னிடமிருந்து ஒரு சட்டையைப் பறித்தார்கள், அது போதாதென்று இன்னொன்றையும் பறித்தார்கள், பதிலுக்கு அந்த முட்டையைத் தந்தார்கள்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அப்பா, அம்மா, நான், தம்பி என்று நாலு பேரும் கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் ஒரு சின்ன வீட்டில் இருந்தோம். எங்கள் குடும்பத்தில் விடுமுறை என்றால் உறவினர் வீடு. பாரிஸ் என்றால் பெரியப்பா வீட்டு வரவேற்பறை நிலத்தில் படுக்கை, சுவிஸ் என்றால் சித்தி வீட்டு வரவேற்பறை நிலத்தில் படுக்கை. ஈபிள் கோபுரத்தை ஓடுகிற காருக்குள் இருந்து ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பெரியப்பா வீட்டில் மிளகாய்த்தூள் எந்தப் போத்தலில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

அந்த வருடம் அப்பாவின் வேலையிடத்தில் யாரோ ஆசை காட்டி, தெற்கு ஸ்பெயினில் மலகா என்ற கடற்கரை நகரத்துக்கு மலிவாக ஒரு பயணம் அகப்பட்டது. டிக்கெட் எடுத்த பிறகுதான் அப்பா தன் அக்காவிடம் சொன்னார். அவர் எங்களுக்கு மாமி, பக்கத்தில் ஃபாரஸ்ட் கேட்டில் இருந்தவர். எங்கள் வீட்டில் ஒரு கதவுக்குப் பெயின்ட் அடிப்பதென்றாலும் மாமியின் காதில் போட்டுவிட்டுத்தான் அடிப்போம்.

"ஸ்பெயினிலை ஆர் இருக்கினம்?" என்று மாமி கேட்டார்.

ஒருவரும் இல்லை என்று அப்பா சொன்னார்.

"பிறகு என்னத்துக்குப் போறியள்?"

டிக்கெட் மலிவு என்றார் அப்பா. அம்மாவிடம் வேறு பதில் இருந்தது, ஆனால் அது மாமிக்கு முன்னால் சொல்லக்கூடிய பதில் இல்லை. அம்மாவுக்கு உடுப்பென்றால் உயிர். சூப்பர்மார்க்கெட்டில் காசாளராக நின்றுகொண்டே வரிசையில் வருகிறவர்களின் சட்டைத் தையலைப் பார்ப்பார். ஸ்பெயினில் விசிறி, சால்வை, குஞ்சம் வைத்த தோள்துணி எல்லாம் வாங்கலாம் என்று யாரோ சொல்லி, பயணத்துக்கு முதலே பெட்டியில் பாதி இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். எனக்கும் ஒரு வாக்குத் தந்தார். ஒரு சட்டை, நானே தெரிந்தெடுக்கலாம், அவர் வாய் திறக்க மாட்டார்.

இந்த வாக்கின் பெறுமதி அந்த வயதுப் பெண்பிள்ளைகளுக்குத்தான் புரியும். என் உடுப்புகளை எல்லாம் கிரீன் ஸ்ட்ரீட் கடைகளில் மாமிதான் முன்னின்று வாங்குவார். வளர்கிற பிள்ளை என்று சொல்லி இரண்டு அளவு பெரிதாக எடுப்பார். அது எனக்குப் பொருந்துகிற காலத்தில் சாயம் போய் வீட்டுக்குப் போடுகிற உடுப்பாகிவிடும். எனக்கென்று, என் அளவில், என் மனதுக்குப் பிடித்ததாக இருந்தது ஒரேயொரு சட்டை. வெள்ளைப் பருத்தி, கழுத்தோரம் நீல நூலில் ஒரு பூ. மாமிக்குத் தெரியாமல் அம்மா என் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது. அதையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

ஆனால் நான் கனவு கண்டது வேறு. பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் படிப்பித்த ஆசிரியை வகுப்புச் சுவரில் ஒரு நடனக்காரியின் படத்தை ஒட்டியிருந்தார். சிவப்புச் சட்டை, முழுக்க வெள்ளைப் பொட்டு, இடுப்புக்குக் கீழே அடுக்கடுக்காகச் சுருக்கு. எல்லாப் பாடத்துக்கும் நான் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்குப் பாடத்தில் நான் பின்தங்கியதற்கு அவள்தான் காரணம்.

மலகாவில் போய் இறங்கிய மறுநாளே அந்தச் சட்டை எனக்குக் கிடைத்துவிட்டது. ஒரு ஒடுங்கிய தெருவில், வாசல் முழுக்க விசிறி தொங்கிய கடை. அம்மா உள்ளே போனதும் அப்பாவும் தம்பியும் வெளியில் நிழல் தேடி நின்றார்கள். என் அளவில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சிவப்பு, வெள்ளைப் பொட்டு, சுருக்கு, ஒன்றும் குறையவில்லை. கடைக்காரப் பெண் அதைக் கழற்றி என் கையில் தந்தபோது அதன் பாரத்தில் என் கை தாழ்ந்தது.

திரைச்சீலைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்து கண்ணாடி முன்னால் சுழன்றேன். சுருக்குகள் எழும்பி என்னோடு சுழன்றன. நான் நிற்பாட்ட மாட்டேன் என்று சுழன்றேன். காலையிலிருந்து வயிறு நொந்துகொண்டிருந்தது, அதைக்கூட மறந்துவிட்டேன். கடைக்காரப் பெண் கை தட்டினாள். அம்மாவும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். சட்டை எப்படித் தைத்திருக்கிறது என்று பார்ப்பதற்காகக் குனிந்து அதன் ஓரத்தைப் புரட்டினார். சட்டையின் உள்பக்கத்தில் வைத்துத் தைத்த துணி வெள்ளை, அதில் ஒரு சிவப்புக் கறை. அம்மா அதைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

நான் ஏதோ ஊற்றிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். காலையில் குடித்த ஸ்ட்ரோபெரிப் பானம் என்று விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அம்மா என்னைப் பேசவிடவில்லை. கடைக்காரப் பெண்ணிடம் விலையைக்கூடக் கேட்காமல், இதை எடுக்கிறோம் என்று கையால் காட்டினார். கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு ரிப்பனுக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிற அம்மா! கழற்றவும் வேண்டாம், போட்டபடியே வா என்றார். வெளியில் நின்ற அப்பா வாய் பிளந்தார். நான் தெரு முழுக்க அந்தச் சட்டையோடு நடந்தேன். என் அம்மாவைப் போல ஒரு அம்மா உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். அந்த நினைப்பு நாங்கள் தங்கியிருந்த இடத்தின் கதவு மூடுகிற வரைக்கும் இருந்தது.

கதவு மூடியதும் அம்மா என்னைக் குளியலறைக்குள் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றி முதலே ஒரு பாடம் நடந்திருந்தது, ஆகவே நான் பயப்படவில்லை. எனக்கு வந்தது வேறு கவலை. சட்டையைத் தோய்த்தால் கறை போகுமா என்று கேட்டேன். அம்மா அதைக் கழற்றச் சொன்னார். நான் வயதுக்கு வந்து பெரியபிள்ளை ஆகிவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா அழப்போகிறவர் போல நின்றுவிட்டு, உடனே தொலைபேசியை எடுத்து மாமிக்கு அழைத்தார். மாமி எடுத்ததும் அதை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டார்.

மாமியின் குரலுக்குத் தொலைபேசி தேவையில்லை. நான் துவாயைச் சுற்றிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன், எல்லாம் கேட்டது.

"எத்தினை மணி?"

அம்மா சொன்னார்.

"எங்கை வைச்சுக் கண்டது?"

"இஞ்சை, ரூமிலைதான் மச்சாள்."

அது பொய். நான் அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன்.

"என்ன நிற உடுப்பு போட்டிருந்தவள்?"

"வெள்ளை," என்றார் அம்மா. "கழுத்திலை நீலப் பூப் போட்ட வெள்ளைச் சட்டை. உங்களுக்குத் தெரியாது, புதுசு."

நான் "இல்லை, சிவப்பு" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் வாயில் வந்து விழுந்தது. அப்பாவும் வாயைத் திறந்தார். அம்மா அப்பாவைப் பார்த்தார், அப்பா தன் வாயைத் தானே மூடிக்கொண்டார்.

"வெள்ளையோ? நல்லது. மிச்சம் நல்லது," என்றது தொலைபேசி.

எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். பெண்பிள்ளை பெரியபிள்ளை ஆகிற நேரத்தையும், அப்போது அவள் போட்டிருந்த உடுப்பின் நிறத்தையும் சாத்திரியிடம் சொல்வார்கள். அவர் அதை வைத்து அவளுடைய மிச்ச வாழ்க்கைக்குப் பலன் எழுதுவார். அந்த உடுப்பை அவள் பிறகு போடக்கூடாது. ஊரில் அதைத் துணி வெளுக்கிறவர்கள் கொண்டுபோய்விடுவார்கள். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தெரிந்தபோது என் கண் நேரே கதிரையில் கிடந்த சிவப்புச் சட்டைக்குப் போனது.

அன்று பின்னேரம் அம்மா அதை மடித்தார். எவ்வளவு அழகாக மடித்தார் என்று நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. ஒவ்வொரு சுருக்கையும் கையால் நீவி, கடைக்காரி தந்த அதே பையில் வைத்துக்கொண்டு கீழே போனார். தெருவில் பெரிய குப்பைத் தொட்டிகள் நின்றன. நான் யன்னலில் நின்று கத்தினேன். தோய்க்கலாம் என்று கத்தினேன், லண்டனில் ட்ரைகிளீனரிடம் கொடுக்கலாம் என்று கத்தினேன். அம்மா தொட்டியின் மூடியைத் திறந்து பையை உள்ளே வைத்துவிட்டு, ஒரு தடவையும் மேலே பார்க்காமல் திரும்பி வந்தார். நான் தெரிந்தெடுத்தால் வாய் திறக்க மாட்டேன் என்றவர், சொன்னபடியே வாய் திறக்கவில்லை.

அதோடு என் விடுமுறை முடிந்தது. ஆண்களின் கண்ணில் படக்கூடாது என்று என்னைப் படுக்கையறையில் வைத்தார்கள். ஆண்கள் என்றால் யார்? பெண்கள் போல் எம்பிராய்டரி விசிறி வாங்கி வீசிக்கொண்டிருந்த அப்பாவும், எட்டு வயதுத் தம்பியும். யன்னலின் ஒரு மூலையில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் கடல் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. எனக்குக் கிடைத்த கடல் அவ்வளவுதான்.

மாமி தொலைபேசியில் சொன்ன சாமான்களை வாங்க அப்பாவும் தம்பியும் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனார்கள். பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுத்தம்மா, கத்தரிக்காய், வேப்பிலை. மலகாவில் வேப்பிலைக்கு அப்பா எங்கே போவார்? பூங்காவில் நின்ற ஒலிவ் மரத்தில் ஒரு கிளையை முறித்துக்கொண்டு வந்தார். அதை என் தலைமாட்டில் வைத்தார்கள். உளுத்தம்மா இல்லாமல் ஏதோ ஒரு பயற்றம்மா வந்தது. கத்தரிக்காய் மட்டும் குழந்தையின் தலை அளவுக்குப் பெரிதாக, பளபளவென்று வந்தது. நல்லெண்ணெய் கிடைக்கவில்லை. அப்பா கடையில் நின்றபடியே மாமிக்கு அழைத்துக் கேட்டதாகத் தம்பி சொன்னான்.

"அக்கா, நல்லெண்ணை இல்லை. ஒலிவ் எண்ணைதான் கிடக்கு."

மாமி திருப்பிக் கேட்டாராம். "விலை கூடினதோ?"

"ஓம், கூடினதுதான்."

"அப்ப குடுக்கலாம்."

இப்படித்தான் என் வயிற்றின் தலைவிதி தீர்மானமானது. அம்மா ஒரு கோப்பையில் முட்டையை உடைத்து ஊற்றி, மேலே அந்தப் பச்சை எண்ணெயை விட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே மூச்சில் குடிக்கச் சொன்னார். அதன் காறல் தொண்டையில் மத்தியானம் வரைக்கும் நிற்கும். பத்தியமாம், இடுப்புக்குப் பலமாம். கத்தரிக்காயையும் அதே எண்ணெயில் பொரித்து, மூன்று நேரமும் சோற்றோடு தந்தார்கள். கதவுக்கு வெளியில் அப்பாவும் தம்பியும் சுரோஸ் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். நீளமாகப் பொரித்த மாவைச் சூடான சாக்லேட்டில் தோய்த்துச் சாப்பிடுகிற அந்தப் பலகாரத்தை நான் லண்டனிலேயே திட்டம் போட்டு வைத்திருந்தேன். எனக்குச் சாக்லேட் கூடாதாம், சூடாம். கதவின் கீழ்ப்பக்கத்து இடைவெளியால் வாசம் மட்டும் வந்தது. வாசத்துக்கு மாமி தடை சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது.

அந்த இடைவெளிக்கு வாயை வைத்துத் தம்பி இன்னொரு செய்தியும் சொன்னான். சூப்பர்மார்க்கெட்டில் கூரையிலிருந்து பன்றித்தொடைகள் வரிசையாகத் தொங்கினவாம். கடைக்காரர் கடதாசி போல மெல்லிசாக ஒரு துண்டு வெட்டிக் கத்தி நுனியில் நீட்டினாராம். அப்பா அங்கும் இங்கும் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டாராம். பிறகு இன்னொரு துண்டும் கேட்டாராம். வீட்டில் சொல்லக்கூடாது என்று தம்பியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பால் பழத்தோடு இருக்கிற மனுஷன்! நான் முட்டையை விழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் என் அப்பா பன்றித்தொடை ருசி பார்த்தார். அம்மாவோ மாமிக்குப் பொய் சொன்னார். தம்பி சத்தியத்தை மீறினான். அந்தக் குடும்பத்தில் ஒழுங்காக இருந்தது நான் ஒருத்திதான், அறைக்குள் அடைபட்டதும் நான்தான்.

அம்மாவைப் பற்றி ஒன்று எனக்கு விளங்கவேயில்லை. மாமி சொன்ன மற்ற எல்லாவற்றையும் அவர் ஒரு சொட்டும் பிசகாமல் செய்தார். தலைக்குத் தண்ணீர் வார்த்தார். வேறு கோப்பை, வேறு துவாய் வைத்தார். வெளியில் போவதென்றால் பெரியபிள்ளை ஆனவளிடம் ஒரு இரும்புத் துண்டு இருக்கவேண்டும் என்பதற்காக, திரும்பும்போது சமையலறையில் கிடந்த டின் வெட்டியை என் பொக்கற்றுக்குள் வைத்தார். விமான நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரி அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெட்கத்தில் எனக்குக் காது எரிந்தது. அதைப் பறிகொடுத்த பிறகு இரும்பில்லாமல் பிள்ளையை எப்படி ஏற்றுவது என்று அம்மா கலங்கி நின்றார்.

"பிளேன் முழுக்க இரும்புதானே, பேசாமல் ஏறும்," என்றார் அப்பா.

இப்படி ஒவ்வொன்றுக்கும் பயந்தவர் நிறத்தில் மட்டும் ஏன் பொய் சொன்னார்? கடையில் நடந்தது அவமானம் என்று நினைத்து மறைக்கிறார், என்னைப் பற்றி வெட்கப்படுகிறார் என்று நான் முடிவு கட்டினேன். அந்த முடிவு என் கோபத்துக்கு நல்ல விறகாக இருந்தது.

லண்டனில் வந்து இறங்கிய அன்றைக்கே மாமி பெரிய நல்லெண்ணெய்ப் போத்தலோடு வந்து சேர்ந்தார். வந்ததும் கேட்டது, "அந்த உடுப்பு எங்கை?"

அம்மா பெட்டியைத் திறந்து என் வெள்ளைச் சட்டையை எடுத்து நீட்டினார். நீலப் பூப் போட்ட என் வெள்ளைச் சட்டையை. எந்தக் குற்றமும் செய்யாத, அந்த நேரத்தில் மலகா அறையின் அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்த சட்டையை! அம்மா அதைத் தோய்த்துக் காயவைத்திருந்தார், அதனால் மாமிக்குச் சந்தேகம் வர வழியில்லை. லண்டனில் துணி வெளுக்கிறவர்களுக்கு எங்கே போவது என்று மாமி புறுபுறுத்துக்கொண்டு, அதைக் கறுப்புப் பையில் போட்டு, இரண்டு முடிச்சுப் போட்டு, எங்கள் வாசலில் நின்ற கவுன்சில் குப்பைத் தொட்டிக்குள் போட்டார். நான் படியில் நின்று பார்த்தேன். அழக்கூடத் தோன்றவில்லை. ஒரு கிழமைக்குள் என் இரண்டு சட்டைகளும் இரண்டு நாட்டுக் குப்பைத் தொட்டிகளில் போயிருந்தன.

பிறகு மாமி என் கட்டிலில் உட்கார்ந்து சாத்திரிக்குத் தொலைபேசி எடுத்தார். நேரத்தைச் சொன்னார், இடத்தைச் சொன்னார். நிறத்துக்கு வந்ததும் ஏனோ நிறுத்தி, தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீ சொல்லு. வெள்ளைதானே?"

அம்மா வாசலில் நின்றார். என் நேரம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சிவப்பு என்று ஒரு சொல் சொன்னால் போதும். சட்டையை எறிந்ததற்கும், என் வாயைப் பொத்தியதற்கும், முட்டைக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து அம்மா மாட்டிக்கொள்வார். நான் அம்மாவை நேருக்கு நேர் பார்த்தேன். முறைப்பார் என்று எதிர்பார்த்தேன். முறைத்திருந்தால் நான் சொல்லியிருப்பேன். அம்மா முறைக்கவில்லை. கடையில் களவெடுத்துப் பிடிபட்ட பிள்ளை முதலாளியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா ஒருவரையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை, என்னைப் பார்ப்பார் என்று நினைத்ததும் இல்லை.

"ஓம் மாமி," என்றேன். "வெள்ளை."

மாமி தொலைபேசியில் சொன்னார். சாத்திரி சொன்ன பலனைத் திரும்ப எங்களுக்குச் சத்தமாகச் சொன்னார். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் ராசியான பிள்ளையாம். அம்மா வாசலைவிட்டு மெதுவாகச் சமையலறைக்குப் போனார். பொய் சொல்லக்கூடாது என்று எனக்கு அடித்துச் சொல்லித் தந்தவர், என்னையே பொய்க்காரி ஆக்கிவிட்டுப் போகிறார் என்று எனக்குள் கொதித்தது. அன்றிலிருந்து கனகாலம் அம்மாவோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை.

பெரியபிள்ளை ஆனதற்குக் கொண்டாடுகிற சாமத்திய வீட்டை ஒரு மண்டபத்தில் பெரிதாகச் செய்தார்கள். எனக்கு எத்தனையோ உடுப்பு மாற்றினார்கள், எல்லாம் மாமியின் தெரிவு, எல்லாம் இரண்டு அளவு பெரிது, ஊசி குத்திச் சுருக்கியது. வந்த பெண்களிடமெல்லாம் மாமி வெள்ளைச் சட்டையின் கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அல்பத்தில் ஒவ்வொரு படத்திலும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறேன். பிள்ளைக்கு வெட்கம் என்றார்கள். வெட்கமாம்! அந்தப் படங்களில் இருப்பது கொலை வெறி.

போன வருடம் ஸ்ட்ரெதமில் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைக்குச் சாமத்திய வீடு நடந்தது. மாமி இப்போது மகனோடு கனடாவில் இருக்கிறார், வரவில்லை. வீட்டுக்குத் திரும்பி வரும்போது நான்தான் கார் ஓட்டினேன், அம்மா பக்கத்தில் இருந்தார். பழைய கணக்கைத் தீர்க்கிற மாதிரி, முட்டையிலிருந்து தொடங்கி மலகாக் கதை முழுவதையும் அவருக்கே சொன்னேன். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

"அது சரி, ஏனம்மா அண்டைக்கு வெள்ளையெண்டு பொய் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

அம்மா யன்னல் பக்கம் திரும்பினார். "எனக்குக் கறுப்பு," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அம்மாவே சொன்னார். பதின்மூன்று வயதில் ரியூஷன் வகுப்புக்குப் போட்டுக்கொண்டு போன பாவாடை, கறுப்பு. ஒன்றும் ஒளிக்கத் தெரியாமல் வீட்டுக்கு வந்து உள்ளதைச் சொல்லியிருக்கிறார். சாத்திரி எழுதிய குறிப்பில் நல்லதாக ஒரு வரியும் இருக்கவில்லை. அந்த வருடமே அவருடைய அப்பா காய்ச்சலில் படுத்து எழும்பவில்லை. செத்தவீட்டில் அழுத பெண்கள் எல்லாரும் அழுகைக்கு நடுவில் அந்தப் பாவாடையைப் பற்றியும் பேசினார்கள். பிறகு கல்யாணப் பேச்சுகள் வந்து, குறிப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. கடைசியில் லண்டனில் இருந்த என் அப்பா, இதெல்லாம் விசர்க்கதை என்று சொல்லிக் கட்டிக்கொண்டார். ஆனால் மாமி குறிப்பை வாசித்திருந்தார். எனக்கு முன்னால் ஒரு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. எனக்கு முன்னால் ஒன்று இருந்ததே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று மாமி சொன்னாராம், "நான் முதலே சொன்னனான், அந்த உடுப்பு விடாது."

"அந்தக் கடையிலை உன்ரை சட்டையைப் பார்த்தனான்," என்றார் அம்மா. "சிவப்பும் கூடாதெண்டு சொல்லுவினம். உனக்கு என்ன நடந்தாலும் அதைத்தான் சொல்லுவினம்."

ஒரு பெற்றோல் நிலையத்துக்குள் காரைத் திருப்பி நிறுத்தினேன். அப்படியொரு கோபம் எனக்கு மலகாவிலும் வந்ததில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் பாவாடையில் ஒரு சாவை எழுதிவைத்தவர்கள் மேல், பிள்ளையைப் பறிகொடுத்துப் படுத்திருந்தவளிடம் அப்படிச் சொன்ன மாமியின் மேல், எவர் முகத்தையாவது பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. அம்மா ஒன்றும் நடக்காதவர் போல என் முதுகைத் தடவினார்.

வீட்டில் யாருக்காவது சுகமில்லாமல் போனபோதும், நான் பரீட்சையில் தவறியபோதும், என் முதல் கல்யாணப் பேச்சு முறிந்தபோதும்கூட, என் உடுப்பைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொன்னதில்லை. அது ஏன் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. நான் சட்டை போய்விட்டதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அம்மா என்னைச் சமாதானப்படுத்த வரவில்லை, காரணம் சொல்லவும் இல்லை. பதின்மூன்று வயதில் அவர் கறுப்புப் பாவாடையோடு வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அவருக்காக வெள்ளை என்று சொல்ல அந்த வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை.